நாலாம் அத்தியாயத்து வாளி

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செய்து முடித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. அதை இரண்டு தரம் கட்டினேன். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது சீமெந்துத் தரை மட்டும்தான் மிஞ்சியிருந்தது. உடைந்த மூன்று கடைசல் மெசின்களிலிருந்து ஒழுங்காக ஓடும் ஒரு கடைசல் மெசின். மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவில் பாடிய றேடியோக்கள். மண்ணெண்ணெயில் ஓடிய நீரிறைக்கும் மெசின்கள். உரும்பிராய்த் தோட்டங்களில் அவை இறைத்த தண்ணீரில் விளைந்த வெங்காயத்தைச் சாப்பிடாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. பித்தளையில் இருபது முகம் கொண்ட ஒரு பகடை. கடைசியாக, மந்திரப் பொருட்களைச் செய்வதற்கும் அவற்றை எழுப்புவதற்குமான சட்டங்கள்.

மற்றதையெல்லாம் தலையாட்டிக் கேட்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தில் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எழுபது வயதுக்கு மேல் மனிதனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்களாக்கும். ஒன்றும் ஆகவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னால் யாருக்கும் விளங்கும்.

என் மகள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்கிறாள். மருமகன் நில அளவைக் கந்தோரில். இருவரும் கொழும்பில் படித்த காலத்தில் ஒரு விளையாட்டைப் பழகிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு விறாந்தையில் மேசையைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். குருநகரில் ஃபைபர் கண்ணாடி வள்ளம் செய்யும் ஒருவரும் வருவார். நாற்பது வயது, காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டு நேரே இங்கே வந்துவிடுவார். நாலாவதாக ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தது. அது கனடாவுக்குப் போனதும் ஓர் இடம் காலியானது.

முதலில் சீட்டு விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சீட்டும் இல்லை, பந்தயமும் இல்லை. ஆளுக்கொரு பென்சில், ஒரு தாள், நடுவில் பல முகங்கள் கொண்ட பகடைகள். மகள் ஒரு கதையைத் தொடங்குவாள்: நீங்கள் ஒரு காட்டு வழியாகப் போகிறீர்கள், எதிரே பாலம் உடைந்து கிடக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள்? அவரவர் தங்கள் ஆள் என்ன செய்வான் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. மிச்சமெல்லாம் வாய்.

வாய் என்றால் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. காலியான கதிரையில் போய் இருந்தேன். என்ன ஆளாக வரப் போகிறீர்கள் என்று மகள் கேட்டாள். வாள் வீச எனக்கு விருப்பமில்லை, கொல்லனாக வருகிறேன் என்றேன். கொல்லனுக்குச் சண்டையில் என்ன வேலை என்று குருநகர்க்காரர் கேட்டார். வாளைச் செய்தது யார் என்று திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவர் ஒரு அடி தள்ளித்தான் வாய் திறப்பார்.

அவர்களிடம் ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. மந்திரப் பொருள் செய்வது பற்றிய பக்கத்தை மகள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். இத்தனை நாள் உட்கார வேண்டும், இன்ன பெறுமதிக்குச் சாமான் வாங்க வேண்டும், பகடையை உருட்ட வேண்டும், பொருள் தயார். ஒரு சொல்லைச் சொன்னால் அது எழும்பும். ஒரு நாளைக்கு மூன்று தரம் வேலை செய்யும். விடிந்ததும் அந்த மூன்றும் திரும்ப வந்துவிடும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதியவர் ஒரு திருகாணியைக்கூட முறுக்கிப் பார்த்திராத ஆள் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

“பிள்ளை, விடியக்காலமை எழும்பி வந்து அதுக்குள்ளை நிரப்பிறது ஆர்?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் நிரப்பிறேல்லை அப்பா. அது தானாய் வரும்.”

“தானாய் வாறதெண்டால் எல்லாரும் சும்மா இருக்கலாமே.”

அப்போதுதான் அவர்களுக்குப் பெற்றோல் காலத்தைச் சொன்னேன். மகள் அப்போது கைக்குழந்தை, அவளுக்கு ஞாபகம் இருக்காது. இங்கே பெற்றோல் வராத அந்த வருடங்களில் மெசின்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் எந்த மெசினும் எழும்பாது. கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். இரண்டு துளியை விட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தால் மெசின் எழும்பும். பிறகு மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஒரு போத்தலில் எத்தனை துளி என்று ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் தெரியும். முடிந்தால் முடிந்ததுதான். விடியும்போது போத்தல் தானாக நிரம்பியதை நான் ஒரு நாளும் காணவில்லை. யாராவது எங்காவது போய்க் கொண்டுவர வேண்டும்.

மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு புத்தகத்தை மூடி வைத்தாள். எங்கள் விளையாட்டில் இனி மந்திரப் பொருளுக்குத் துளிதான் கணக்கு, துளி தீர்ந்தால் தேடிப் போக வேண்டும் என்றாள். அது என் முதல் சட்டம். அந்தத் துளியைத் தேடிப் போன பயணத்தை மூன்று ஞாயிறு விளையாடினோம். அதற்குமுன் பகடையை உருட்டிவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் அந்த மூன்று வாரமும் அதைத் தொடவில்லை.

இரண்டாவது சட்டம் கடைசல் மெசினிலிருந்து வந்தது. முழுவதும் புதுச் சாமானில் செய்த பொருள் எழும்பாது. ஏற்கெனவே எங்காவது உழைத்த ஒரு துண்டு அதற்குள் இருக்க வேண்டும். பழைய துண்டுக்கு வேலை தெரியும். புதுத் துண்டு அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். இதை நான் பட்டறையில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். விளையாட்டில் இந்தச் சட்டம் வந்த பிறகு, எங்கள் ஆட்கள் வழியில் கிடக்கும் உடைந்த சக்கரத்தைக்கூட விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். குருநகர்க்காரரின் ஆள் ஒரு வீரன். அவன் முதுகில் வாளைவிடப் பழைய இரும்புதான் அதிகம்.

மூன்றாவது சட்டம்தான் பெரியது. அது ஒரு வாளியில் வந்தது.

எங்கள் கூட்டம் ஒரு வறண்ட கோட்டைக்குள் அகப்பட்டிருந்தது. கிணறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. நான் ஒரு வாளி செய்தேன். எந்தக் கிணற்றில் விட்டாலும் தண்ணீரோடு மேலே வரும் வாளி. பழைய கப்பியின் இரும்பை உருக்கி அதற்குக் கைபிடி போட்டேன். எல்லாம் சரி. இனி எழுப்பும் சொல்லைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மகள் பகடையை என் பக்கம் தள்ளினாள். நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு முப்பத்தைந்து.

ஞாயிற்றுக்கிழமை நாலரை தொடங்கி ஆறு மணி வரைக்கும் ராகுகாலம். இவ்வளவு வருடத்தில் அந்த நேரத்தில் என் பட்டறையில் ஒரு மெசினும் முதன்முதலாக எழும்பியதில்லை. இதையும் ஆறு மணிக்குப் பிறகு பார்ப்போம் என்றேன்.

“அப்பா, அங்கை கோட்டைக்குள்ளை ராகுகாலம் இல்லை.”

“நான் இருக்கிறது இஞ்சை தானே.”

மருமகன் தலையில் கை வைத்தார். கோட்டைக்குள் ஆட்கள் தாகத்தில் சாகிறார்கள், மாமா ஒன்றரை மணித்தியாலம் பொறுக்கச் சொல்கிறார் என்று முணுமுணுத்தார். அப்போது குருநகர்க்காரர் கையை நீட்டினார்.

“தாங்கோ ஐயா வாளியை. எங்களுக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. ஞாயிறு முழுக்க நல்ல நாள்தான்.”

அவர் உருட்டினார். நான் கடைந்த அந்தப் பித்தளைப் பகடை மேசையில் மூன்று சுற்றுச் சுற்றி இருபதில் நின்றது. வாளி தண்ணீரோடு வந்தது. அந்த மனிதர் கதிரையைவிட்டு எழும்பி, வாளியைத் தூக்குவதுபோல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு விறாந்தையைச் சுற்றி வந்தார்.

பகடையை நான் ஒரு பக்கம் பாரமாகக் கடைந்துவிட்டேன் என்று மருமகனுக்கு அன்றைக்கு ஒரு சந்தேகம். அடுத்த கிழமை முழுவதும் உருட்டி உருட்டிக் குறித்துப் பார்த்தார். எல்லா முகமும் சமமாகத்தான் விழுந்தது என்று பிறகு அவரே வந்து சொன்னார். என் வேலையைப் பற்றி நானே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் அந்த வாளி எழும்பிய விதம் எனக்கு ஒன்றை ஞாபகப்படுத்தியது. அதை அன்று அவர்களுக்குச் சொன்னேன். நான் முதன்முதலாகப் பிரித்துப் பூட்டிய நீரிறைக்கும் மெசின் எழும்பவே இல்லை. காலையிலிருந்து கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை பொக்களித்துவிட்டது. அப்போது கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாப்பாடு கொண்டுவந்த மனைவி பாத்திரத்தை வைத்துவிட்டு, நான் ஒருக்கால் இழுத்துப் பார்க்கட்டோ என்று கேட்டாள். இழுத்தாள். ஒரே இழுவை. மெசின் எழும்பிவிட்டது. மெசினின் சொந்தக்காரர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து நான் திருத்திய எந்த மெசினையும் முதல் தரம் நான் எழுப்புவதில்லை. பட்டறையில் என்றால் அவள் வருவாள். தோட்டத்தில் என்றால் அந்த வீட்டு ஆள் யாராவது இழுக்க வேண்டும். செய்தவன் பக்கத்தில் நிற்கலாம், கை வைக்கக் கூடாது.

செய்தவனின் கை முதல் கை ஆகக் கூடாது. பொருளை முதலில் எழுப்பிய கைக்குத்தான் அந்தப் பொருள் கட்டுப்படும். இதுதான் மூன்றாவது சட்டம். மகள் அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டாள். உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவிக்கு எல்லாம் கேட்டது. வெளியே வந்து, எந்தச் சட்டத்திலும் தேயிலை முடிந்துபோனதற்கு ஒரு வழி இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

என் சட்டம் என்னையே ஒரு தரம் பிடித்தது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நல்லதை மட்டும் சொல்கிறான் என்பீர்கள். சுவரைக் கரைக்கும் விளக்கு ஒன்றைச் செய்து முடித்த கையோடு எதிரிகள் என்னைத் தனியாகப் பிடித்துச் சிறைக்கூட்டில் போட்டுவிட்டார்கள். விளக்கு மடியில் இருக்கிறது. சொல் எனக்குத் தெரியும். மூன்று துளியும் முழுதாக இருக்கிறது. ஏற்றுகிறேன் என்றேன். ஏற்ற முடியாது, செய்தது நீங்கள் என்றாள் மகள். அவசரத்துக்கு ஒரு விலக்கு வேண்டும் என்று அரை மணித்தியாலம் வாதாடினேன். அவள் அசையவில்லை. நான் கோபித்துக்கொண்டு வெளியே போய்த் தேசி மரத்துக்கு மூன்று வாளி தண்ணீர் ஊற்றினேன். ஊற்றும்போதுதான் பிடிபட்டது. கூட்டுக்கு வெளியே காவல்காரன் ஒருவன் நிற்கிறானே.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கம்பிக்குள்ளால் விளக்கை அந்தக் காவல்காரனிடம் நீட்டினேன். எழுப்பும் சொல்லையும் அவன் காதில் சொன்னேன். வாங்குவானா மாட்டானா என்று மகள் பகடையை உருட்டச் சொன்னாள். பதினெட்டு விழுந்தது. வாங்கினான், ஏற்றினான், சுவர் கரைந்தது. விளக்கு அவனுக்குக் கட்டுப்பட்டுவிட்டது. இனி அதை அவன் எங்கே கொண்டுபோவான் என்று எனக்குப் பயம். அவன் எங்களோடேயே வந்துவிட்டான். இன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் விளக்குப் பிடிப்பவன் அவன்தான். ஆனால் மகள் கதை சொல்லும்போது ஒவ்வொரு தரமும் “கொல்லன் செய்த விளக்கைக் காவல்காரன் தூக்கிப் பிடிக்கிறான்” என்றுதான் சொல்லுவாள். அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு குளிரும்.

இப்படி ஓடிய விளையாட்டைத் தமிழிலேயே புத்தகமாகப் போடலாம் என்ற யோசனை மருமகனுடையது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் விளையாட ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்களாம், ஆங்கிலப் புத்தகம் அவர்களுக்குத் தோதுப்படவில்லையாம். கந்தோரால் வந்த பிறகு ஒவ்வொரு நாளும் கணினிக்கு முன்னால் இருந்து எழுதினார். கண் சிவந்துபோகும். அந்த உழைப்பை நான் குறை சொல்லமாட்டேன். மந்திரப் பொருட்களைச் செய்வதும் எழுப்புவதும் நாலாம் அத்தியாயம். ஐயம் வரும்போதெல்லாம் பட்டறைக்கு வந்து கேட்பார். துளியை இன்னொரு பொருளுக்கு மாற்றலாமா, முதல் கைக்காரன் செத்தால் பொருள் யாருக்கு, இரண்டு பேர் சேர்ந்து ஒரு பொருளை எழுப்பினால் என்ன என்று கேட்பார். அரத்தைக் கீழே வைக்காமலே பதில் சொல்லுவேன். எழுப்புவதற்குச் “செயற்படுத்தல்” என்று எழுதி வந்திருந்தார். கந்தோர்க் கடிதம்போல இருக்கிறது, எங்கள் பட்டறையில் மெசினை எழுப்புவது என்றுதான் சொல்வோம் என்றேன். அந்தச் சொல்லும் போனது புத்தகத்துக்குள்.

போன ஞாயிறு, அச்சகத்திலிருந்து ஒரே ஒரு மாதிரிப் பிரதி வந்தது. இதைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மிச்சத்தை அடிப்பார்கள். மண்ணிறத் தாளில் சுற்றி நூலால் கட்டியிருந்தது. நான்கு பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். மனைவியும் கதவடியில் வந்து நின்றாள். மகள் பொதியை என் முன்னால் வைத்து, பக்கத்தில் ஒரு சின்னக் கத்தியையும் வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை இப்போதும் காண்கிறேன்.

“அப்பா, மூன்றாவது சட்டம். முதல் கை உங்கடை.”

நான் கத்தியை எடுத்தேன். நூலில் வைத்தேன். அப்போது ஏனோ கேட்கத் தோன்றியது.

“செய்தது ஆர் எண்டு உள்ளை என்ன எழுதியிருக்கிறியள்?”

மருமகன் மனப்பாடமாகச் சொன்னார். ஆக்கியோர் என்று மூன்று பெயர்: மகள், மருமகன், குருநகர்க்காரர். கடைசிப் பக்கத்தில் நன்றி. அதில் என் பெயர் இருக்கிறது, ஆடுவதற்கு விறாந்தையும் தேநீரும் தந்து உதவியவர் என்று.

“தேத்தண்ணி போட்டது நான்,” என்றாள் மனைவி, கதவடியில் நின்றபடி.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என்ன மாமா என்றார் மருமகன். நான் வெட்டமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. குருநகர்க்காரருக்குத்தான் முதலில் பிடிபட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார், தோள் குலுங்கியது.

“செய்தவன் முதல் கை வைக்கேலாது,” என்றேன். “நான் இதை வெட்டினால், நான் செய்யேல்லை எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி.”

மகளின் முகம் மாறியது. அவள் எனக்கு மரியாதை செய்யத்தான் நினைத்தாள், அது எனக்குத் தெரியும். அப்பா, நாங்கள் அதை யோசிக்கவே இல்லை என்றாள் மெதுவாக. மருமகனுக்குக் கொஞ்சம் சூடு வந்துவிட்டது. அவருக்கும் நியாயம் இருக்கிறது. இரவும் பகலும் எழுதியவர் அவர்.

“ஒவ்வொரு வரியையும் எழுதினது நான்தானே மாமா.”

“ஓம் தம்பி, எழுதினது நீங்கள். வாளியைச் செய்தது நான்.”

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, பக்கம் எல்லாம் கட்டி முடிந்துவிட்டது, ஒரு வரி கூடினாலும் அச்சகத்தில் திரும்ப அடுக்க வேண்டும் என்றார். அடுக்கட்டும் என்றேன். நான் பட்டறையை இரண்டு தரம் கட்டினவன். ஒரு பக்கத்தை இரண்டு தரம் அடுக்கினால் யாரும் தேய்ந்துபோகமாட்டார்கள்.

அந்தப் பொதி இன்றைக்கும் விறாந்தை மேசையில் அப்படியேதான் கிடக்கிறது. ஒருவரும் தொடவில்லை. யாருக்கும் யாரோடும் கோபமும் இல்லை. நேற்றுக்கூட மருமகன் பட்டறைக்கு வந்து, என்ன மாதிரிப் போட வேண்டும் என்று எழுதித் தாருங்கள், பார்ப்போம் என்றார். அதனால்தான் இந்தக் கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன். எழுத எழுத மனம் நிறைந்துதான் இருக்கிறது. இந்த வயதில் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. மகள் கதை சொல்லும் குரல் இருக்கிறது. வள்ளம் செய்கிறவரின் சிரிப்பு இருக்கிறது. எனக்கு வேறு குறை இல்லை. இந்த ஒன்றைத் தவிர.

எழுதும்போது இன்னொன்றும் தெளிந்தது. மூன்றாவது சட்டம் முழுவதும் என்னுடையது அல்ல. கயிற்றை இழுத்தது என் மனைவி. ஒரே இழுவையில் அந்த மெசின் எழும்பியிருக்காவிட்டால் இந்தச் சட்டமும் இல்லை, பட்டறையும் இல்லை. இவ்வளவு வருடத்தில் அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் ஒருவரின் பெயரையும் எழுதவில்லை. என்னுடையதையும்தான். அது வர வேண்டிய இடம் வேறு. ஆகவே மருமகனுக்கும் அச்சகத்துக்கும் கேட்கும்படி சொல்கிறேன். கடைசிப் பக்கத்து நன்றியை எடுத்துவிடுங்கள். விறாந்தைக்கு நன்றி வேண்டாம். நாலாம் அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழே, சின்ன எழுத்தில் அல்ல, மற்ற எழுத்தின் அளவிலேயே இப்படிப் போடுங்கள்: இந்த அத்தியாயத்தின் சட்டங்களைச் செய்தவர் என்று என் பெயர். அதற்கு அடுத்த வரியில், முதல் கை என்று அவளுடைய பெயர். தேநீர் போட்டவரும் அவரே என்று சேர்த்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

அதைப் போட்டு வேறொரு பிரதி கொண்டுவாருங்கள். கத்தியை அவளிடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலரைக்கு முதல்.